மேட்டில் ஏறும்போது காற்று ஏன் திசை மாறுது? பிக்கப் ஏசி ஒன்றின் வரலாறு

அமெரிக்க பிக்கப் வண்டி வைத்திருப்பவர்கள் பல வருடமாகச் சொல்லிவரும் முறைப்பாடு ஒன்று இருக்கிறது. சமதரையில் ஓடும்போது ஏசி ஒழுங்காக வேலை செய்யும், முகத்துக்கு நேரே குளிர்காற்று வரும். பின்னுக்குப் பாரம் ஏற்றிக்கொண்டு மேட்டில் ஏறும்போது அக்சிலேட்டரை மிதித்தால் முகத்துக்கு வந்த காற்று நின்றுவிடும். எங்கே போனது எண்டு பார்த்தால் முன்கண்ணாடிக்குக் கீழே உள்ள துவாரத்தால் வந்துகொண்டிருக்கும். மேடு முடிந்து காலைத் தளர்த்தினால் திரும்பவும் முகத்துக்கே வரும். காஸ் குறையவில்லை, கொம்பிரசரும் நல்லாத்தான் ஓடுது. பிறகென்ன பிரச்சினை?

நாங்கள் கலைப்பீடத்துக்காரர். எங்களுக்கு ஸ்பானர் பிடித்துப் பழக்கமில்லை. ஆனால் இந்தக் கேள்விக்கு விடை தேடப்போனபோது ஒன்று விளங்கியது: இது பாதி இயந்திரவியல், பாதி வரலாறு. ஒரு வண்டியின் ஏசி எதிர்பாராத மாதிரி நடந்துகொள்வதற்குப் பின்னால் எப்போதோ, யாரோ, ஏதோ காரணத்துக்காக எடுத்த முடிவொன்று பல நேரங்களில் இருக்கிறது. அந்த முடிவு தெரியாமல் பழுது பார்க்கப் போனால் காசும் போகும், பழுதும் அப்படியே இருக்கும்.

சரி, தொடக்கத்துக்குப் போவோம்.

பொனட்டைத் திறந்து பெல்ட்டைக் கழற்று

தொழிற்சாலையிலேயே ஏசி பூட்டி விற்கப்பட்ட முதல் கார் அமெரிக்காவின் பக்கார்ட். 1939 இன் கடைசியில் அறிமுகமாகி, 1940 ஆம் ஆண்டு மொடலாகச் சந்தைக்கு வந்தது. ஏசிக்கு மட்டும் மேலதிகமாக 274 டொலர். குளிரூட்டும் பகுதியைக் காரின் பின்பக்கத்தில் வைத்தார்கள். டிக்கியில் பாதி இடம் அதற்கே போய்விட்டது.

வேடிக்கை என்னவெண்டால் அதை நிறுத்துவதற்கு ஒரு சுவிட்ச் இருக்கவில்லை. எஞ்சின் சுற்றினால் கொம்பிரசரும் சுற்றும். குளிர் போதும் எண்டால் வண்டியை நிப்பாட்டி, இறங்கி, பொனட்டைத் திறந்து, கொம்பிரசர் பெல்ட்டைக் கையால் கழற்ற வேண்டும். 1941 க்குப் பிறகு பக்கார்ட் இதைக் கைவிட்டது.

யுத்தம் முடிந்து, 1953 இல் பெரிய கம்பனிகள் திரும்பவும் ஏசிக்கு வந்தன. 1954 இல் நாஷ் என்ற கம்பனி முக்கியமான ஒரு மாற்றத்தைச் செய்தது. சூடாக்கி, குளிரூட்டி, வெளிக்காற்று எல்லாவற்றையும் ஒரே ஒழுங்குக்குள் கொண்டுவந்து வண்டியின் முன்பக்கத்திலேயே அடக்கியது. இண்டைக்கும் எங்கட வாகனங்களில் டாஷ்போர்டுக்குப் பின்னால் இருப்பது கிட்டத்தட்ட அதே யோசனைதான்: ஒரு பெட்டி, அதற்குள் சில கதவுகள். ஒரு கதவு சூட்டையும் குளிரையும் கலக்கும். இன்னொன்று காற்றை முகத்துக்கா காலுக்கா கண்ணாடிக்கா அனுப்புவது எண்டு தீர்மானிக்கும். ஏசி "ஒரு மாதிரி நடக்குது" எண்டு நாம் சொல்லும்போது, பல தடவை குளிரில் குறையிருக்காது. கதவுதான் பிழையான இடத்தில் நிற்கும்.

தோட்ட வண்டிக்குக் குளிர் எதற்கு?

பிக்கப்புக்கு ஏசி பிந்தித்தான் வந்தது. 1925 இல் போர்ட் கம்பனி தன் மொடல் ரீ காருக்குப் பின்னால் ஒரு சிறு தட்டைப் பூட்டி விற்றபோது அது விவசாயிக்கும் மேசனுக்கும் உரிய வேலைவண்டி. அதில் இருக்கிறவன் வியர்க்கத்தான் வேண்டும் என்பதே பொது எண்ணம். கார்களில் ஏசி பரவிய பிறகும் பிக்கப் ஓட்டுபவர்கள் பலர் டாஷ்போர்டுக்குக் கீழே தனியாகத் தொங்கவிடும் பெட்டிகளையே வாங்கிப் பூட்டினார்கள். டெக்ஸாஸ் போன்ற சூடான மாநிலங்களில் இது பெரிய வியாபாரமாக இருந்தது. 1960கள், 70களில் பிக்கப் ஒரு குடும்ப வண்டியாகவும் மாறத் தொடங்க, கார்களில் இருந்த அதே பெட்டியும் அதே கதவுகளும் பிக்கப்புக்குள்ளும் வந்தன.

இப்ப மேட்டில் நடக்கும் மாயத்துக்கு வருவோம். அந்தக் கதவுகளை எது அசைத்தது? பெற்றோல் எஞ்சின் காற்றை உள்ளே இழுக்கும்போது அதன் உறிஞ்சு குழாயில் ஒரு வெக்கியூம் உண்டாகும். அது சும்மா கிடைக்கும் சக்தி. ஒரு சிறு ரப்பர் குழாயைப் பூட்டினால் போதும், மோட்டரும் வேண்டாம் வயரும் வேண்டாம். கதவை இழுக்கும் வேலையை வெக்கியூம் செய்தது. ஏசிக்கு முந்தியே மழைத்துடைப்பானை இதே சக்தியால் ஓட்டிய அமெரிக்கர்களுக்கு இது புதிசில்லை. 1950களில்கூட பல வண்டிகளில் மழைக்குள் மேடு ஏறினால் துடைப்பான் சோர்ந்து நின்றுவிடும்.

ஏனெண்டால் அக்சிலேட்டரை முழுதாக மிதிக்கும்போது காற்றுப்பாதை திறந்துவிடுகிறது, வெக்கியூம் இறங்கிவிடுகிறது. அதைச் சமாளிக்க ஒரு சிறு சேமிப்புத் தாங்கியையும், வெக்கியூமைத் திரும்பிப் போகவிடாத ஒருவழி வால்வையும் வைத்தார்கள். சில பழைய போர்ட் வண்டிகளில் அந்தத் தாங்கி பார்ப்பதற்கு ஒரு தகரப் பேணி மாதிரியே இருக்கும். வருடக்கணக்காக எஞ்சின் சூட்டில் கிடந்த ரப்பர் குழாய் வெடித்தாலோ, அந்த வால்வு கசிந்தாலோ சேமிப்பு நிற்காது. மேடு வந்ததும் கதவை இழுத்துப் பிடிக்க ஆளில்லை.

ஆள் இல்லாத கதவு ஏன் முன்கண்ணாடிப் பக்கமே திரும்புகிறது? இது தற்செயல் இல்லை. வெக்கியூம் போனால் ஸ்பிரிங் கதவைக் கண்ணாடிப் பக்கம் தள்ளும்படிதான் வடிவமைத்தார்கள். குளிர்நாட்டில் கண்ணாடி உறைந்தோ புகார் படிந்தோ போனால் ஓட்டுபவருக்குப் பாதை தெரியாது. 1960களின் கடைசியில் அமெரிக்கா வாகனப் பாதுகாப்பு விதிகளைக் கொண்டுவந்தபோது கண்ணாடியைத் தெளிவாக்கும் வசதியும் அவற்றில் ஒன்றாக இருந்தது. "எது பழுதானாலும் பார்வை பழுதாகக் கூடாது" என்ற முடிவு அந்த ஸ்பிரிங்கில் இருக்கிறது. பழுதான வண்டி ஓட்டுபவரின் முகத்தை விட்டுவிட்டு அவரின் கண்ணைக் காப்பாற்றுகிறது. சில நூறு ரூபாய் குழாய்க்காக டாஷ்போர்டு முழுவதையும் கழற்றுவதற்கு முன் இதைத் தெரிந்திருப்பது நல்லது.

வெக்கியூமின் இடத்துக்குப் பிறகு சிறு மின்மோட்டர்கள் வந்தன. அதோடு புதுப் பழுதுகளும் வந்தன. அந்த மோட்டருக்குள் இருக்கும் பிளாஸ்டிக் பற்சில்லு உடைந்தால் டாஷ்போர்டுக்குள் "டிக் டிக்" எண்டு சத்தம் கேட்கும். இரண்டு பக்கத்துக்கும் தனித்தனிக் கதவு உள்ள வண்டியில் ஓட்டுபவருக்குக் குளிரும் பக்கத்தில் இருப்பவருக்குச் சூடும் வரும். இதற்கும் காஸுக்கும் ஒரு தொடர்பும் இல்லை.

ஆனாலும் எங்கட ஊர் கராஜ்களில் பெரும்பாலும் முதலில் கேட்கும் வசனம் இதுதான்: "காஸ் இறங்கிட்டுது தம்பி, அடிச்சா சரி."

காஸ் எங்கே போனது?

இந்த வசனத்துக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. இந்தக் கட்டுரையை எழுதக் காரணமே அதுதான்.

ஏசி ஒரு மூடிய சுற்று. பெற்றோல் மாதிரி அதில் உள்ள காஸ் எரிந்து தீர்வதில்லை. காஸ் குறைந்திருக்கிறது எண்டால் அது எங்கோ கசிந்து வெளியே போயிருக்கிறது. கசிவைத் தேடாமல் திரும்பத் திரும்ப நிரப்பும் பழக்கம், காஸ் மலிவாகவும் தீங்கற்றதாகவும் எண்ணப்பட்ட காலத்தின் பழக்கம்.

1920களில் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டிகளில் அமோனியா, சல்பர் டையொக்சைட், மெதைல் குளோரைட் போன்றவை பாவிக்கப்பட்டன. கசிந்தால் ஆட்கள் செத்தார்கள். இதற்கு மாற்றுத் தேடிய ஜெனரல் மோட்டோர்ஸ் கம்பனியின் தோமஸ் மிட்ஜ்லியும் அவரின் சகாக்களும் குளோரோபுளோரோகாபன் வகைக் காஸைக் கண்டுபிடித்தார்கள். 1930 இல் அமெரிக்க இரசாயனவியலாளர்களின் கூட்டத்தில் மிட்ஜ்லி அதை உள்ளே இழுத்து, வெளியே ஊதி, எரிந்துகொண்டிருந்த மெழுகுவர்த்தியை அணைத்துக் காட்டினார். நஞ்சில்லை, தீப்பிடிக்காது. டியூபொன்ட் கம்பனியோடு சேர்ந்து "ப்ரியோன்" என்ற பெயரில் அது சந்தைக்கு வந்தது. வாகன ஏசிகளில் நிரப்பப்பட்ட ஆர்-12 இந்தக் குடும்பம்தான்.

பெற்றோலில் ஈயம் கலக்கும் யோசனையும் இதே மிட்ஜ்லியுடையது. அதனால் அவரை வில்லனாக மட்டும் பார்ப்பது சுகம். ஆனால் காஸ் விசயத்தில் அவர் தீர்த்தது உண்மையான பிரச்சினையை. அவர் கேட்ட கேள்வி குசினிக்குள் இருப்பவருக்கு இது பாதுகாப்பானதா என்பது. வானத்துக்குப் போனால் என்ன ஆகும் எண்டு அன்றைக்கு யாரும் கேட்கவில்லை.

1974 இல் மெக்சிக்கோவில் பிறந்த மரியோ மொலினாவும் ஷேர்வூட் ரோலண்டும் அதைக் கேட்டார்கள். எதோடும் சேராத இந்தக் காஸ் கீழே அழியாமல் மேல் வளிமண்டலம் வரை போகும், அங்கே சூரியனின் ஊதாக்கடந்த கதிர் பட்டு உடையும், வெளிவரும் குளோரின் ஓசோனைத் தின்னும் எண்டு விளக்கினார்கள். கம்பனிகள் கடுமையாக எதிர்த்தன. 1985 இல் அந்தாட்டிக்காவுக்கு மேலே ஓசோன் பெருமளவில் குறைவதைப் பிரித்தானிய ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். 1987 செப்டெம்பர் 16 இல் மொன்றியல் உடன்படிக்கை கைச்சாத்தானது. எங்கட நாடு 1989 இல் அதை ஏற்றுக்கொண்டது. 2001 ஒக்டோபரில் உடன்படிக்கை நாடுகளின் 13 ஆவது கூட்டம் கொழும்பிலேயே நடந்தது. பாடப்புத்தகத்தில் ஓசோன் தினம் எண்டு ஒரு வரியில் கடந்துபோகும் விசயத்துக்குள் நாங்களும் இருக்கிறோம்.

பழைய வண்டிக்காரர் கட்டிய விலை

புதுக் காஸ் ஆர்-134ஏ. 1990களின் நடுப்பகுதியில் அமெரிக்காவில் புது வாகனங்கள் இதற்கு மாறின. 1996 இலிருந்து பணக்கார நாடுகளில் ஆர்-12 புதிதாக உற்பத்தி செய்வது நிறுத்தப்பட்டது. பழைய வண்டிகளோ தெருவில் இருந்தன. ஆர்-12 விலை ஏறியது. மயாமி துறைமுகத்தால் அது கள்ளமாகக் கடத்தப்படும் அளவுக்கு நிலைமை போனது. பழைய பிக்கப் வைத்திருந்தவருக்கு மூன்று வழி: கூடிய விலைக்குப் பழைய காஸ் வாங்கு, புதுக் காஸுக்கு மாற்று, அல்லது யன்னலைத் திற.

மாற்றியவர்களுக்குத்தான் அடுத்த "எதிர்பாராத நடத்தை" காத்திருந்தது. பழைய கொம்பிரசர் எண்ணெய் புதுக் காஸோடு கலக்காது. ஆகவே எண்ணெயையும் மாற்ற வேண்டும். புதுக் காஸ் பழைய ரப்பர் குழாய்களால் இலகுவாகக் கசிந்தது. பழைய கொண்டென்சர் ஆர்-12 இன் அளவுக்குச் செய்யப்பட்டது. நெடுஞ்சாலையில் காற்றுப் படும்வரை குளிரும், சிக்னலில் நின்றால் சூடாகும். இண்டைக்கும் "ஓடினா குளிருது, நிண்டா குளிரல்ல" எண்டு யாராவது சொன்னால் காஸுக்கு முதல் கொண்டென்சரையும் அதன் முன்னோ பின்னோ இருக்கும் விசிறியையும் பார்க்கச் சொல்வதன் காரணம் இதுதான்.

இதில் கேட்க வேண்டிய இன்னொரு கேள்வியும் உண்டு. ஆர்-12 ஐ விற்ற டியூபொன்ட் ஆர்-134ஏ ஐயும் விற்றது. காஸ் மாறியது, கடை மாறவில்லை. மாற்றத்தின் செலவு பழைய வண்டியை விட வேறு வழியில்லாதவரின் தலையில் விழுந்தது.

ஆர்-134ஏ ஓசோனைத் தொடாது. ஆனால் வெப்பத்தைப் பிடித்துவைக்கும் வலிமையில் ஒரு கிலோ ஆர்-134ஏ, நூறு வருடக் கணக்கில், ஏறத்தாழ 1,400 கிலோ காபனீரொட்சைட்டுக்குச் சமம். ஆர்-12 க்கு அது 10,000 ஐத் தாண்டும். அரைக் கிலோ காஸ் கசிந்த வண்டிக்குக் கசிவை அடைக்காமல் இன்னொரு அரைக் கிலோ அடித்தால், அடுத்த வருடத்துக்குள் இன்னும் ஏறத்தாழ 700 கிலோவுக்குச் சமமானது வானத்துக்குப் போகக்கூடும். அதற்கு நாம் காசும் கட்டுகிறோம். 2016 இல் ருவாண்டாவின் கிகாலியில் நாடுகள் கூடி இந்த வகைக் காஸையும் படிப்படியாகக் குறைக்க உடன்பட்டன. ஐரோப்பாவில் 2017 இலிருந்து புதுக் கார்களில் ஆர்-134ஏ நிரப்ப முடியாது.

ஆகவே அடுத்த முறை வீட்டில் யாருடைய கெப் வண்டியாவது, காராவது ஏசியில் பிசகினால் கராஜில் சில கேள்விகளைக் கேட்டுப்பாருங்கள். கொம்பிரசர் அடிக்கடி பிடித்துப் பிடித்து விடுகிறதா? அப்படியெண்டால் காஸ் குறைந்திருக்கலாம், சுற்று தன்னைத்தானே காப்பாற்றிக்கொள்ளுது. அப்படிக் குறைந்திருந்தால் எங்கே கசிவு? பழைய காஸை வானத்துக்கு விடாமல் இயந்திரத்தால் மீட்டெடுப்பீர்களா? குளிர் இருந்தும் காற்று வேறு பக்கம் போகுதெண்டால் கதவைப் பார்த்தீர்களா? வண்டிக்குக் கீழே தெளிந்த தண்ணீர் சொட்டினால் பயப்பட ஒன்றுமில்லை, அது காற்றில் இருந்த ஈரம்.

கசிவைத் தேட நேரம் எடுக்கும், அந்த நேரத்துக்குரிய கூலியைக் கொடுக்க நாமும் தயாராக இருக்க வேண்டும். "டக்கெண்டு அடிச்சு விடுங்கோ அண்ணை" எண்டு அவசரப்படுத்துவது பல நேரம் வாடிக்கையாளர்தான். மொன்றியலில் தொடங்கியது வேலை செய்தது. இப்போதைய நடைமுறை தொடர்ந்தால் அந்தாட்டிக்க ஓசோன் 2066 அளவில் 1980 இன் நிலைக்குத் திரும்பும் எண்டு 2022 இல் வெளியான ஐ.நா. ஆதரவு மதிப்பீடு சொல்கிறது. எங்கட வயதுக்காரர் அப்போது அறுபதைத் தாண்டியிருப்போம்.