பரிசுப் போட்டியும் சட்டமும்

பரிசு கிடைக்கக்கூடும் என்று அறிவித்தால் விற்காத பொருளும் விற்கும். இதனை வணிகர் நெடுநாளாக அறிவர், அரசாங்கமும் அறியும். பரிசு கொடுப்பது குற்றமன்று. கட்டணம் வாங்குவதும் குற்றமன்று. யார் பெறுவது என்பதைத் திருவுளச் சீட்டால் தீர்த்துக்கொள்வதும் தனியே நோக்கின் குற்றமாகாது. கோயில்களிலும் குடும்பங்களிலும் அவ்வழக்கம் உண்டு. இம்மூன்றும் ஓரிடத்தில் கூடும்போதுதான் சட்டம் குறுக்கே வந்து நிற்கிறது. அவ்வாறு நிற்கும் உரிமை அதற்கு எப்படி வந்தது என்பதை இங்கே நோக்குவோம்.

இருக்கு வேதத்தின் பத்தாம் மண்டலத்தில், தான்றிக்காய்களை உருட்டி ஆடி மனைவியையும் மதிப்பையும் இழந்த ஒருவனின் புலம்பல் இருக்கிறது. தருமனின் கதையை நாம் சொல்ல வேண்டுவதில்லை. மனு, சூதாட்டத்தை நாட்டிலிருந்தே விலக்குமாறு அரசனுக்குக் கூறினார். கௌடில்யரோ வேறு வழி கண்டார். அர்த்தசாஸ்திரத்தில் சூதுக்கென ஓர் அதிகாரி உண்டு. குறித்த இடத்தில்தான் ஆட வேண்டும். பிற இடத்தில் ஆடினால் பன்னிரண்டு பணம் தண்டம். வென்ற பணத்தில் நூற்றுக்கு ஐந்து அரசுக்கு. தடுப்பதா, வரி வாங்குவதா என்னும் வழக்கு அன்றே தொடங்கிவிட்டது, இன்றும் முடிந்தபாடில்லை.

ஆங்கிலேயர் ஆட்சியும் இவ்விரு மனத்தோடுதான் இருந்தது. கல்கத்தாவின் நகர மண்டபம் 1813-இல் எழுந்தது லாட்டரிப் பணத்தால். அந்நகரின் பெருஞ்சாலைகள் சிலவும் அவ்வாறு அமைந்தவையே. பின்னர் 1844-இல் தனியார் லாட்டரிகள் தடை செய்யப்பட்டன. 1867-இல் பொதுச் சூதாட்டச் சட்டம் வந்தது. 1870-இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 294-ஏ என்னும் பிரிவு சேர்க்கப்பட்டு, அரசின் அனுமதியில்லாத லாட்டரிக்கு அலுவலகம் வைப்போர்க்கு ஆறு மாதம் வரை சிறை விதிக்கப்பட்டது. 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம், பந்தயம் கட்டும் உடன்பாடு செல்லாது என்றது. ஆயினும் குதிரைப் பந்தயத்தில் ஐந்நூறு ரூபாய்க்குக் குறையாத பரிசுக்காகச் செய்யும் உடன்பாட்டுக்கு மட்டும் விலக்களித்தது. சட்டம் இயற்றியோரின் பொழுதுபோக்கு எதுவென்று அந்த ஒரு வரியே காட்டிக்கொடுக்கிறது.

1867-ஆம் ஆண்டுச் சட்டத்தில் மற்றொரு விலக்கும் உண்டு. முற்றிலும் திறமையைச் சார்ந்த ஆட்டத்துக்கு அச்சட்டம் பொருந்தாது என்கிறது அதன் பன்னிரண்டாம் பிரிவு. மூலத்திலுள்ள அடைமொழியை ‘வெறும் திறமை’ என்று தமிழாக்கினால் திறமையைப் பழிப்பது போல் ஆகிவிடும். ‘முற்றிலும்’ என்றாலோ, சீட்டைக் கலைத்துப் போடும் எந்த ஆட்டமும் அதில் அடங்காது. மொழிபெயர்ப்பாளரைத் திகைக்கவைக்கும் இந்தச் சிறு சொல்லின் மேல்தான் பின்னாளைய பெரிய வழக்குகள் எல்லாம் எழுந்தன.

அவற்றுள் தலையாயது குறுக்கெழுத்துப் போட்டி வழக்கு. விடுதலைக்கு முன்னும் பின்னும் இப்போட்டிகள் வார இதழ்கள் வழியே பெருகின. கட்டங்களில் எழுத்துக்களை நிரப்பி, நுழைவுக் கட்டணத்தோடு அனுப்ப வேண்டும். பார்வைக்கு இது கல்வியின் விளையாட்டே. ஆனால் குறிப்பு ஒன்றுக்கு இரண்டு சொற்கள் சமமாகப் பொருந்துமாறு அமைத்துவிட்டால், எதனை எழுதுவது? நடத்துவோர் முன்னரே முடிவுசெய்து முத்திரையிட்டு வைத்த விடை எதுவோ அதுவே சரியான விடை. அகராதியைக் கரைத்துக் குடித்தவரும் அங்கே ஊகிக்கத்தான் வேண்டும். மறைந்திருக்கும் இலக்கை நோக்கிக் குருட்டுத்தனமாக எய்வதற்குப் பணம் கட்டச் சொல்வதே இது என்னும் பொருள்பட, 1936-லேயே ஆங்கில நீதிமன்றம் ஒன்று கூறியிருந்தது. ஊகம் பலவாக இருந்தால் வாய்ப்பு மிகும். ஆகவே ஒருவரே பல படிவங்களை வாங்கி நிரப்புவார். சிறு வருவாயினர் தம் வீட்டுச் செலவிலிருந்து எடுத்துக் கட்டிய கட்டணம் இவ்வாறு வளர்ந்தது.

பம்பாய் அரசாங்கம் 1948-இல் இப்போட்டிகளுக்கு உரிமமும் வரியும் விதித்தது. மாகாணத்துக்கு வெளியே அச்சாகும் இதழ்களின் போட்டிகள் மட்டும் அச்சட்டத்தில் சேரவில்லை. ஆர்.எம்.டி. சமர்பாக்வாலா என்பார் நிறுவிய நிறுவனம் நடத்திய போட்டி, பெங்களூரில் அச்சாகும் ‘ஸ்போர்ட்டிங் ஸ்டார்’ என்னும் வார இதழில் வந்தது. இதழ் மைசூரில், கட்டணம் தண்டும் நிலையங்கள் பம்பாயில். 1952-இல் திருத்தச் சட்டம் அந்த வாயிலை அடைத்தது. வணிக உரிமை பறிபோயிற்று என்று நிறுவனத்தார் வழக்காடினர். உயர் நீதிமன்றத்தில் வென்றனர். மாநில அரசு உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றது.

1957 ஏப்ரல் 9-ஆம் நாள் தலைமை நீதிபதி எஸ்.ஆர். தாஸ் தீர்ப்பு வழங்கினார். வேதம், பாரதம், மனு, யாக்ஞவல்கியர் என்று முன்னோர் வாக்கையெல்லாம் எடுத்துக்காட்டி, சூதாட்டம் வாணிபமே அன்று என்றார். வாணிபம் அன்றெனின், வாணிபத்துக்கு அரசியலமைப்பு அளிக்கும் காப்பும் அதற்கு இல்லை. கடுமையான முடிபுதான், ஆயினும் படிவம் படிவமாகப் பணம் கட்டியவர்களை நினைத்தால், அது தவறெனச் சொல்ல நமக்கு நா எழவில்லை.

அதே நாளில் மற்றொரு தீர்ப்பும் வந்தது. இதற்கிடையே ஆந்திரம், பம்பாய், சென்னை முதலிய மாநிலங்களின் சட்டமன்றங்கள் கேட்டுக்கொண்டதன் பேரில், நாடாளுமன்றம் 1955-இல் பரிசுப் போட்டிச் சட்டம் இயற்றியிருந்தது. ஒரு மாதத்தில் தரும் பரிசுகள் மொத்தம் ஆயிரம் ரூபாயைத் தாண்டலாகாது. ஒரு போட்டிக்கு வரும் விடைகள் இரண்டாயிரத்துக்கு மேற்படலாகாது. இவ்வளவு குறுகிய எல்லைக்குள் ஆதாயத்துக்காகப் போட்டி நடத்த யார் முன்வருவர்? நோக்கமும் அதுதான். இச்சட்டம் உண்மையான அறிவுப் போட்டிகளையும் நெரிக்கிறதே என்ற வாதத்துக்கு விடையளித்தவர் நீதிபதி டி.எல். வெங்கடராம ஐயர். முத்துசுவாமி தீட்சிதரின் கீர்த்தனைகளில் ஆழ்ந்த புலமை வாய்ந்து, 1944-இல் சங்கீத கலாநிதி விருது பெற்றவரும் அவரே. சட்டத்தின் சொற்கள் அகன்றிருப்பினும், அதன் கருத்துச் சூதின் தன்மையுள்ள போட்டிகளையே சுட்டுகிறது. திறமையால் வெல்லும் போட்டிகளைத் தொடாது என்று அவர் பொருள் கண்டார்.

பத்தாண்டு கழித்து, 1967-இல், ரம்மி ஆட்டம் பெரும்பாலும் திறமையைச் சார்ந்தது என்று நீதிபதி இதாயதுல்லா கூறினார். விழுந்த சீட்டுக்களை நினைவில் வைத்தலும், எதை வைத்துக்கொள்வது, எதைத் தள்ளுவது என்று தேர்தலும் திறமையே என்பது அவர் காட்டிய காரணம். அதே ஆண்டில் கேரள அரசாங்கம் லாட்டரிச் சீட்டு விற்கத் தொடங்கிற்று. சீட்டு ஒரு ரூபாய், முதற்பரிசு ஐம்பதாயிரம். கௌடில்யர் இதைக் கண்டு வியந்திருக்கமாட்டார். தமிழ்நாடும் 1968-இல் அவ்வழி சென்று, 2003-இல் அதை விட்டது.

பொருள் விற்கப் பரிசு காட்டும் முறையின்மேல் சட்டத்தின் பார்வை பிற்பாடே விழுந்தது. 1984-இல் ஏகபோகத் தடைச் சட்டத்திலும், 1986-இல் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலும், விற்பனையைப் பெருக்குவதற்காகப் போட்டியோ லாட்டரியோ தற்செயல் ஆட்டமோ நடத்துவது முறையற்ற வணிகம் எனப்பட்டது. இங்கே ஒரு மாற்றம் காண்க. சூதாட்டச் சட்டம் காப்பாற்றிய திறமைப் போட்டியையும் நுகர்வோர் சட்டம் சேர்த்தே பிடித்தது. அங்கே ஆடுபவனின் ஒழுக்கம் பொருள். இங்கே வாங்குபவனின் பணம் பொருள். பரிசுத் திட்டத்தின் முடிவைப் பங்குபெற்றோர்க்கு அறிவியாமல் மறைப்பதும் பின்னர்க் குற்றங்குறைகளுள் சேர்ந்தது. 2019-ஆம் ஆண்டுப் புதிய நுகர்வோர் சட்டமும் இவற்றை ஏற்றுக்கொண்டது.

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இணைய விளையாட்டுச் சட்டம் இயற்றிற்று. பணம் கட்டிப் பணம் வெல்லும் ஆட்டமாயின், அது திறமையைச் சார்ந்ததா, தற்செயலைச் சார்ந்ததா என்று அச்சட்டம் வினவவில்லை. இரண்டையும் ஒருங்கே விலக்கியது. நிறுவனங்கள் உயர் நீதிமன்றங்களை நாடின. அவ்வழக்குகள் செப்டம்பரில் உச்ச நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டன.