ஹப்பும் சுவிட்சும்



அதிகாலைப் பெரட்டில் கிராணியார் ஒருவருடைய பெயரை வாசித்தால், அங்கு நிற்கும் அனைவர் காதிலும் அது விழும். உறையிட்டு முகவரி எழுதிய கடிதமோ உரியவர் கைக்கே சேரும். கணிப்பொறிகள் தமக்குள் பேசிக்கொண்ட வரலாறும், பெரட்டிலிருந்து கடிதத்திற்கு வந்த வரலாறே எனலாம்.

1973ஆம் ஆண்டில், அமெரிக்காவின் கலிபோர்னியாவிலுள்ள ஸெராக்ஸ் ஆராய்ச்சி நிலையத்தில் ராபர்ட் மெட்காஃப் 'ஈதர்நெட்' என்னும் முறையை வகுத்தார். டேவிட் பாக்ஸ் அவருக்குத் துணைநின்றார். ஒரே நீண்ட கம்பியில் பல கணிப்பொறிகள் இணைக்கப்பட்டன. ஒன்று அனுப்பும் செய்தி எல்லாவற்றுக்கும் எட்டும். உரியது மட்டும் அதை ஏற்கும், மற்றவை தள்ளிவிடும். இரண்டு கணிப்பொறிகள் ஒரே நேரத்தில் அனுப்பினால் செய்திகள் மோதிக் கெடும். சற்றுப் பொறுத்து மீண்டும் அனுப்ப வேண்டும்.

கம்பி ஓரிடத்தில் அறுந்தாலோ, அதிலுள்ள அனைத்தும் நின்றுவிடும். அதனால், ஒவ்வொரு கணிப்பொறியிலிருந்தும் தனிக்கம்பி இழுத்து நடுவில் ஒரு பெட்டியில் சேர்த்தனர். அதுவே ஹப். இம்முறைக்குரிய பொது விதி 1990இல் வெளிவந்தது. ஒரு கம்பி அறுந்தால் ஒரு கணிப்பொறி மட்டுமே நிற்கும். ஆயினும், ஹப் முகவரி பார்க்காது. ஒரு துளையில் வந்ததை மற்றெல்லாத் துளைகளுக்கும் அனுப்பும். மோதலும் தீரவில்லை, பக்கத்துக் கணிப்பொறி ஒட்டுக்கேட்கவும் வழி இருந்தது.

முகவரி பார்க்கும் கருவி எவ்வாறு வந்தது? 1980களில் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தில் மார்க் கெம்ப் ஒரு பாலக் கருவியை உருவாக்கினார். செய்தியில் அனுப்புநர் முகவரி இருக்கிறதல்லவா? அது எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்பதை அக்கருவி தானே குறித்துக்கொண்டது. இக்கருத்தையே பல துளைகளுக்கு விரித்தது சுவிட்ச். 1990இல் கல்பனா என்னும் அமெரிக்க நிறுவனம் 7 துளைகள் கொண்ட ஈதர்நெட் சுவிட்சை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதை நிறுவியவர்களுள் ஒருவர் இந்திய வம்சாவளியினரான வினோத் பரத்வாஜ். 1994இல் சிஸ்கோ அந்நிறுவனத்தை வாங்கியது.

தெரியாத முகவரிக்குச் செய்தி வந்தால் சுவிட்சும் மற்றெல்லாத் துளைகளுக்கும் அனுப்பும். மறுமொழி வந்ததும் இடத்தை அறிந்துகொள்ளும். இருவர் பேசும்போதே வேறிருவரும் தடையின்றிப் பேசலாம். தொடக்கத்தில் இதன் விலை அதிகம். விலை இறங்கியபின் ஹப் வழக்கொழிந்தது.

இன்று பிள்ளைகளின் தேர்வுப் புள்ளிகளும் பெற்றோரின் சம்பளக் கணக்கும் இத்தகைய பெட்டிகளின் வழியே செல்கின்றன. சுவிட்ச் ஒட்டுக்கேட்பதைக் குறைத்ததே தவிர, முற்றாக ஒழிக்கவில்லை. ஆகவே கடவுச்சொல்லைக் காப்பது நம் கடமையாகவே இருக்கிறது.