கால் எடுத்த பிறகும்...

மலைப்பாதையில் காரில் இறங்கிக்கொண்டிருக்கிறீர்கள். வண்டி கியரில் இருக்கிறது. ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டீர்கள். இப்போது இன்ஜின் எவ்வளவு பெட்ரோல் குடிக்கும்?

பெரும்பாலான நேரம், ஒரு சொட்டுகூட இல்லை! கால் எழும்பியதும் காரிலுள்ள கம்ப்யூட்டர் இன்ஜெக்டர்களை மூடிவிடும். சக்கரங்கள்தான் இன்ஜினைச் சுற்றிக்கொண்டிருக்கும். வேகம் குறைந்து, இன்ஜின் அணைந்துவிடுமோ என்கிற கட்டத்தில் மறுபடி பெட்ரோல் வரும். செலவும் மிச்சம், புகையும் கம்மி.

2011-ல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் இதை அப்படியே தலைகீழாக்கினார்கள்.

காரணம் டிஃப்யூஸர். பந்தயக் காரின் அடிவயிற்றில், பின்பக்கம் மேல்நோக்கி விரியும் பகுதி. அங்கே புகைக்குழாயின் சூடான காற்றைப் பீய்ச்சினால், கார் சாலையோடு இன்னும் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். ஒரே சிக்கல், வளைவில் டிரைவர் காலை எடுத்தால் காற்றும் நின்றுபோகும். பிடிப்பு தேவைப்படுவதே அப்போதுதானே?

இன்ஜினியர்கள் சும்மா இருப்பார்களா? கால் எழும்பினாலும் காற்றுக் கதவான த்ராட்டிலைத் திறந்தே வைத்தார்கள். எரிபொருளை நிறுத்திவிட்டு வெறும் காற்றை மட்டும் ஊதுவது ஒரு வழி. எரிபொருளையும் விட்டு, தீப்பொறியைத் தாமதமாகத் தட்டுவது இன்னொரு வழி. பிஸ்டனைத் தள்ள வேண்டிய நெருப்பு, புகைக்குழாயில் போய் எரியும். கார் வேகமெடுக்காது, காற்று மட்டும் பீய்ச்சும். 2010-லிருந்தே பந்தயத்தின் நடுவே எரிபொருள் நிரப்பத் தடை. ஆக, இப்படி வீணாக எரிக்கும் பெட்ரோலையும் ஆரம்பத்திலிருந்தே சுமந்தாக வேண்டும். பரவாயில்லை என்று சுமந்தார்கள்!

இந்த வித்தையில் கெட்டிக்காரர்கள் ரெட்புல் அணியினர். அவர்கள் இன்ஜின் ரெனோ.

சர்வதேச அமைப்பான எஃப்.ஐ.ஏ. விழித்துக்கொண்டது. ஜூலை 2011, இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோன் பந்தயம். டிரைவர் காலை எடுத்தால் த்ராட்டில் 10 சதவிகிதத்துக்கு மேல் திறந்திருக்கக் கூடாது என்றார்கள். உடனே ரெனோ, 'எங்கள் இன்ஜின் தாங்காது, காற்று போனால்தான் வால்வு சூடு தணியும்' என்றது. சரி, 50 சதவிகிதம் வைத்துக்கொள் என்று வெள்ளிக்கிழமை சலுகை. மெர்சிடிஸ் இன்ஜின் வைத்திருந்தவர்களோ, 'கால் எடுத்த பிறகும் சில சிலிண்டர்களில் எரிபொருள் எரிந்தால்தான் எங்கள் இன்ஜின் பிழைக்கும்' என்று நின்றார்கள். பத்திரிகையாளர்கள் முன்னிலையிலேயே ரெட்புல் தலைவர் ஹார்னரும், மெக்லாரன் தலைவர் விட்மார்ஷும் வார்த்தையால் மோதிக்கொண்டார்கள். சனிக்கிழமை, ரெனோவுக்குக் கொடுத்த சலுகை ரத்து!

ஞாயிறு பந்தயத்தில் ஃபெராரியின் அலோன்ஸோ ஜெயித்தார். ரெட்புல்லுக்கு இரண்டாம், மூன்றாம் இடங்கள். புது விதிதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. டயர் மாற்றும்போது வெட்டலின் காருக்கு ஜாக்கியும் மக்கர் பண்ணியது.

யார் சொல்வது நிஜமான இன்ஜின் வைத்தியம், யார் சொல்வது சாக்கு? பிரித்துச் சொல்ல வழி தெரியாமல், அணிகளின் சம்மதத்தோடு அடுத்த பந்தயத்திலேயே பழைய நிலைக்குத் திரும்பினார்கள். அந்த வருடம் 19 பந்தயங்களில் 12-ஐ ரெட்புல் அள்ளியது. வெட்டல் சாம்பியன்.

2012-ல் எஃப்.ஐ.ஏ. வேறு வழிக்குப் போனது. இன்ஜின் கம்ப்யூட்டருக்குக் கட்டுப்பாடு போட்டதோடு, புகைக்குழாயின் வாயையே டிஃப்யூஸரை விட்டு மேலே தூக்கிவைக்கச் சொல்லிவிட்டது. எண்ணத்தை நிரூபிப்பது கஷ்டம். குழாய் எங்கே இருக்கிறது என்பதை ஸ்கேல் வைத்தே அளந்துவிடலாம் இல்லையா?