உண்ண மறுக்கும் பிள்ளையும் பாடசாலையும்



"சாப்பிட்டாயா?" என்று கேட்பதே நம் வீடுகளில் அன்பின் முதல் மொழி. ஆதலால் உணவை மறுக்கும் பிள்ளை நம் கண்ணுக்கு நோயாளியாகத் தோன்றுவதில்லை, பிடிவாதக்காரியாகவே தோன்றுகிறாள்.

1873 ஆம் ஆண்டில், இதே பாரிஸ் நகரில், சார்ல் லாசேக் என்னும் மருத்துவர் இத்தகைய இளம்பெண்களைக் குறித்து ஒரு கட்டுரை வெளியிட்டார். அதே காலத்தில் லண்டனில் வில்லியம் கல் இந்நோய்க்கு அனொரெக்சியா நெர்வோசா என்று பெயரிட்டார். அனொரெக்சியா என்றால் பசியின்மை. பொருந்தாப் பெயர் அது. பசி இருக்கிறது, அதை அடக்கி ஆள்வதே நோய்.

லாசேக்கின் கட்டுரையில் நம் வீடுகளை நினைவூட்டும் பகுதி ஒன்றுண்டு. குடும்பத்தாருக்குத் தெரிந்தவை இரண்டே வழிகள் என்கிறார்: கெஞ்சுதல், மிரட்டுதல். மேசையில் விதவிதமான பண்டங்கள் பெருகுகின்றன. இன்னும் ஒரு வாய் உண்டால் அதுவே பாசத்திற்குச் சான்று என்று மன்றாடுகிறார்கள். பிள்ளையோ மேலும் இறுகிப்போகிறாள். யாழ்ப்பாணத்து அம்மாக்களை அவர் கண்டதில்லை என்று நம்புவது கடினம்!

பின்னர் சல்பெத்ரியேர் மருத்துவமனையில் ஷார்கோ, பெற்றோரிடமிருந்து பிள்ளையைப் பிரித்து வைப்பதே மருந்து என்றார். அக்கொள்கை பிரான்சில் நெடுங்காலம் நிலைத்தது. இன்று பெற்றோரையும் இணைத்துக்கொண்டே சிகிச்சை அளிக்கிறார்கள். 2004 இல் கொஷான் மருத்துவமனையில் இளையோருக்கென 'மெசோன் து சொலென்' திறக்கப்பட்டது. இந்நோயுற்று 1995 இல் 19 வயதில் மறைந்த ஒரு பெண்ணின் பெயர் அது. லாச்சப்பலிலிருந்து தொலைவில்லை, கார் து நோரில் ஆர்.இ.ஆர். பி ஏறினால் நான்காவது நிலையம், போர்-ரொயால்.

லாசேக்கின் காலத்து நோயாளி வீட்டு மேசையில் உண்ண மறுத்தாள். நம் பிள்ளைகள் பலரோ மதிய உணவைப் பாடசாலைக் கன்ரீனில் உண்கிறார்கள். ஆகவே முதலில் காணக்கூடியவர்கள் ஆசிரியரும், கன்ரீன் கண்காணிப்பாளரும், தாதியுமே. மதியத்தில் நூலகத்தில் ஒளிந்திருத்தல், உண்டவுடன் கழிப்பறைக்கு விரைதல், வெயிலிலும் தடித்த மேலாடை, விளையாட்டு நேரத்தில் மயக்கம் ஆகியவை அடையாளங்கள். புள்ளிகள் குறைவதில்லை, பெரும்பாலும் முதல் வரிசை மாணவிதான். அதனாலேயே யாரும் ஐயுறுவதில்லை. ஆண்பிள்ளைகளை இன்னும் குறைவாகவே ஐயுறுகிறோம். உடல் மெலியாமலே வரும் வகையும் உண்டு: பெருமளவு உண்டு, பின் வாந்தியெடுத்தல். ஜெரால்ட் ரசல் 1979 இல் அதனைத் தனிநோயாக விவரித்தார்.

கண்டவர் வகுப்பின் முன் உடலைப் பற்றிப் பேசலாகாது. தாம் பார்த்ததை மட்டும் தனிமையில், மென்மையாகச் சொல்லித் தாதியிடம் அழைத்துச் செல்லவேண்டும். பெற்றோர் இசைந்தால் 'பே.ஆ.ஈ.' எனப்படும் எழுத்துமூல ஏற்பாடு செய்யலாம்: உணவு வேளை, விளையாட்டு விலக்கு, சிகிச்சைக்குச் செல்லும் நேரம் யாவும் அதில் குறிக்கப்படும்.

தவக்காலத்தைப் பற்றியும் கூறவேண்டும். "ஒருசந்தி இருக்கிறேன்" என்ற சொல்லின் பின்னால் இந்நோய் எளிதில் ஒளிந்துகொள்ளும். திருச்சபைச் சட்டம் 1252 இன்படி ஒருசந்திக் கடமை 18 வயது நிறைந்தபின்பே தொடங்குகிறது. சியன்னா நகர புனித கத்தரினாளைச் சான்று காட்டும் பிள்ளையிடம், அவருடைய ஆன்ம குருவே அவரை உண்ணுமாறு பணித்தார் என்பதையும் சொல்லுங்கள்.

பாடசாலைத் தாதியின் கடிதம் வந்தால், அதை அந்தப் பிள்ளையையே மொழிபெயர்க்கச் சொல்லாதீர்கள். ஞாயிறு திருப்பலி முடிந்ததும் என்னிடம் கொண்டுவாருங்கள், சேர்ந்து வாசிப்போம்.