மந்திரியை நகைத்த மேடை

நகைச்சுவை என்பது பொழுதுபோக்கிற்கு மட்டுமே உரியது என்று எண்ணுவோர் பலர். பழந்தமிழ் இலக்கண ஆசிரியர் அவ்வாறு எண்ணினாரல்லர். நகை பிறக்கும் நிலைக்களன்கள் நான்கனுள் எள்ளலையே தொல்காப்பியர் முதலில் வைத்தார். பழித்துக் கூறும் அங்கதத்தையும் செம்பொருள் அங்கதம், பழிகரப்பு அங்கதம் என இரண்டாக வகுத்தார். குற்றத்தை வெளிப்படையாக எடுத்துரைத்துப் பழிப்பது முன்னையது. சொல்லை மறைத்துக் குத்துவது பின்னையது. இவ்விருவகை அங்கதமும் ஒரே ஆட்சியாளர் மீது அடுத்தடுத்துப் பாய்ந்தபோது விளைந்தது யாது? 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் நாடக வரலாறு அதற்கு விடை பகர்கின்றது.

1720ஆம் ஆண்டிலே இங்கிலாந்தைத் தென்கடல் கொம்பனி என்னும் வர்த்தக நிறுவனம் ஒரு பெரும் பித்தில் ஆழ்த்தியது. ஆண்டின் தொடக்கத்தில் ஏறக்குறைய 128 பவுணுக்கு விற்ற அதன் பங்கு, கோடையில் 1,000 பவுண் வரை உயர்ந்தது. ஆண்டு முடிவதற்குள் 200க்கும் கீழே வீழ்ந்தது. பிரபுக்களும் வணிகரும் கைம்பெண்களும் ஒருங்கே பொருள் இழந்தனர். கொம்பனியிடம் கையூட்டுப் பெற்றவர் வரிசையில் மந்திரிமாரும் அரசவையினரும் இருந்தனர். இந்நிலையில் நாட்டின் நிதி நிருவாகத்தைக் கைக்கொண்டவர் ரொபேட் வால்போல். பொருளாதாரத்தை அவர் திறம்பட நிலைநிறுத்தினார் என்பது உண்மை. குற்றவாளிகளுட் பெரியோர் சிலரைத் தண்டனையினின்றும் மறைத்துக் காத்தார் என்பதும் உண்மை. ஆதலின் மக்கள் அவருக்குத் ‘திரைத் தலைவர்’ என்று பட்டஞ் சூட்டினர்.

1721 முதல் 1742 வரை வால்போலே ஆட்சியின் அச்சாணியாக விளங்கினார். பதவிகளும் உபகாரச் சம்பளங்களும் கொடுத்துப் பாராளுமன்ற அங்கத்தவர்களைத் தம் பக்கம் ஈர்த்தார். பத்திரிகைகளும் அவர் கைக்கு எட்டாதவையல்ல. அவர் வீழ்ந்தபின் அமைந்த விசாரணைக் குழு, பத்து ஆண்டுகளில் 50,000 பவுணுக்கு மேற்பட்ட அரச பணம் பத்திரிகைகளுக்கும் எழுத்தாளருக்கும் வழங்கப்பட்டதெனக் கண்டது. கொம்பனியும் பாராளுமன்றமும் பத்திரிகையும் இவ்வாறு ஒரே கயிற்றில் கட்டுண்டிருந்த காலத்தில், அக்கயிற்றுக்கு முற்றும் அகப்படாது நின்ற இடம் நாடக மேடையே.

1728ஆம் ஆண்டு ஜனவரி 29ஆம் நாள் லண்டனில் ஜோன் கே என்னும் புலவர் இயற்றிய ‘பிச்சைக்காரரின் இசைநாடகம்’ அரங்கேறியது. அதன் பாத்திரங்கள் கள்வரும், களவுப்பொருள் வாங்குவோரும், சிறைக்காவலருமே. மந்திரி எவர் பெயரும் அதில் இல்லை. களவுப்பொருளை வாங்கி விற்றுக்கொண்டே கள்வரைக் காட்டிக்கொடுத்தும் பணம் பெறும் பீச்சம் என்பவன் அதன் நடுநாயகம். அவனை நோக்கியவர் 1725இல் தூக்கிலிடப்பட்ட யோனதன் வைல்ட் என்னும் கள்வர் தலைவனை நினைந்தனர்; மறுகணமே நாட்டின் முதல் மந்திரியையும் நினைந்தனர். ஏழைக் கள்வன் தூக்குமரம் ஏறுகிறான், பெருங்கள்வன் பட்டம் பெறுகிறான் என்ற கருத்து, மக்கள் வாயில் நின்ற மெட்டுகளிலேயே பாட்டாக வந்தது. அப்பருவத்தில் 62 முறை அந்நாடகம் நடந்தது. வால்போலும் ஒருநாள் அவையில் அமர்ந்திருந்தாரென்றும், பாட்டொன்று தம்மைச் சுட்ட, எல்லோர் பார்வையும் தம்மேல் விழவே, அப்பாட்டை மீண்டும் பாடுமாறு தாமே கேட்டாரென்றும் ஒரு செய்தி வழங்குகின்றது. கரந்து சொன்ன பழியை ஏற்றுச் சினந்தால், ‘அக்கள்வன் நானே’ என்று ஒப்புக்கொண்டதாகுமன்றோ? அதனால் சட்டத்திற்கு அங்கே பிடி இருக்கவில்லை.

எனினும் மந்திரி மறந்தாரல்லர். அதே ஆண்டு டிசம்பரில், கே எழுதிய ‘பொலி’ என்னும் தொடர் நாடகத்தை மேடையேற்றலாகாதென அரண்மனை அதிகாரியாகிய சேம்பர்லின் பிரபு தடைவிதித்தார். கே அதனை 1729இல் அச்சிட்டார். அதற்குக் கையொப்பந் திரட்டிய குயின்ஸ்பெரிக் கோமகள் அரசவைக்கு வரக்கூடாதென விலக்கப்பட்டாள். தடையே விளம்பரமாயிற்று, மேடை காணாத அந்நூல் ஆசிரியருக்குப் பெரும்பொருள் ஈட்டிக் கொடுத்தது.

கே தொடங்கியதைப் பின்னர்ச் செம்பொருள் அங்கதமாக மாற்றியவர் ஹென்றி பீல்டிங். 1707இல் பிறந்த இவர் நற்குடியினர், கைப்பொருள் குறைந்தவர். லண்டன் ஹேமார்க்கெற்றில் இருந்த ஒரு சிறு கொட்டகையே இவர் போர்க்களம். 1736இல் அங்கே அரங்கேறிய ‘பஸ்குவின்’ நாடகம் தேர்தல் ஊழலை நகையாடி அறுபது இரவுகளுக்கு மேல் நடந்தது. மறு ஆண்டு மார்ச்சில் ‘1736ஆம் ஆண்டின் வரலாற்றுப் பதிவேடு’ வந்தது. அதிலே அரசியல்வாதிகள் ஒருங்குகூடிப் புதுவரி விதிக்க ஆராய்கின்றனர். கல்விக்கு வரி விதிக்கலாமா என்று ஒருவன் கேட்க, கல்வி சிலரிடமே உள்ளது, அறியாமைக்கு விதித்தால் நாட்டுச் செல்வர் பலரும் கட்டவேண்டி வரும் என்று முடிவாகின்றது! பிறிதொரு காட்சியில் அரசியல் நேர்மையும் மாசற்ற மனச்சாட்சியும் ஏலத்திற்கு வருகின்றன. அவற்றை வாங்குவோர் அரியர். அரசவைச் செல்வாக்கு ஏலத்திற்கு வந்ததும் விலை விரைந்தேறுகின்றது.

இறுதிக் காட்சியே கூர்மை மிக்கது. தேசபக்தர் என்று தம்மைச் சொல்லிக்கொள்வோர் சிலர் கூடிக் குறைகூறிக்கொண்டிருக்க, ஒருவன் வந்து பொன்னை அள்ளிக் கொடுக்கிறான். அவர்கள் குறையெல்லாம் நொடியில் தீர்கின்றது. பின்னர் அவன் பிடில் வாசிக்கிறான், அவர்கள் ஆடுகின்றனர். அவர்கள் சட்டைப்பைகளிலோ ஓட்டை! ஆட ஆடப் பொன் கீழே சிந்த, வாசித்தவனே அதனைப் பொறுக்கிக்கொள்கிறான். அவன் யாரென்று லண்டன் மக்களுக்கு எவரும் விளக்கவேண்டியிருக்கவில்லை.

வால்போல் இம்முறை பொறுத்தாரல்லர். அந்நாளில் ‘கோல்டன் ரம்ப்’ என்னும் பெயருடைய நாடகமொன்றின் கையெழுத்துப் பிரதி, கொட்டகை முகாமையாளர் ஒருவர் வழியாக அவர் கைக்கு வந்தது. அரச குடும்பத்தையே இழிவுசெய்யும் அதன் பகுதிகளை அவர் பொதுமக்கள் சபையிலே படித்துக் காட்டினார். அந்நாடகம் ஒருநாளும் மேடையேறவில்லை, அச்சேறவுமில்லை. சட்டத்திற்குக் காரணம் தேடி அதனை எழுதுவித்தவரே மந்திரிதாமோ என்ற ஐயம் அன்றே எழுந்தது, இன்றும் தீர்ந்தபாடில்லை.

1737 ஜூனில் மேடை அனுமதிச் சட்டம் நிறைவேறியது. புதிய நாடகம் எதுவாயினும் மேடையேறுவதற்கு 14 நாட்களுக்கு முன் சேம்பர்லின் பிரபுவிடம் பிரதி கொடுத்தல் வேண்டும். அவர் விரும்பியதை வெட்டலாம், முழுவதையும் தடுக்கலாம். மீறினால் 50 பவுண் தண்டம். லண்டனில் அரச பட்டயம் பெற்ற இரு கொட்டகைகளுக்கே நாடகம் நடத்தும் உரிமை எஞ்சியது. பிரபுக்கள் சபையிலே செஸ்டர்ஃபீல்ட் பிரபு இதனை வன்மையாக எதிர்த்தார். மதிநுட்பமும் ஒருவகைச் சொத்தே. பலருக்கு அதுவே ஒரே சொத்து. அதன்மேல் அதிகாரியொருவரின் விருப்பத்தை வரியாகச் சுமத்தலாமா என்பது அவர் வாதம். நாடகம் குற்றமுடையதாயின் நீதிமன்றம் தண்டிக்கட்டும் என்றும் அவர் கூறினார். அவர் பேச்சு வரலாற்றில் நின்றது, வாக்கெடுப்பில் நிற்கவில்லை.

முப்பது வயதிலே பீல்டிங் தம் தொழிலை இழந்தார். ஆயினும் மேடையில் அடைபட்ட நகை வேறு வாயில்களைத் தேடிற்று. சட்டத்தின் கீழ் முதலில் தடையுண்ட ‘கஸ்டேவஸ் வாசா’ நாடகத்தின் பொருட்டு, 1739இல் சாமுவேல் ஜோன்சன் தணிக்கையாளரைப் புகழ்வதுபோலப் பழித்து ஒரு சிறுநூல் எழுதினார். பழிகரப்பு மீண்டும் தலையெடுத்தது. பீல்டிங் சட்டம் பயின்று 1740இல் வழக்கறிஞரானார். வால்போல் பதவி துறந்த 1742ஆம் ஆண்டுப் பெப்ரவரி மாதத்திலேயே ‘ஜோசப் அன்ட்ரூஸ்’ என்னும் அவருடைய நாவல் வெளிவந்தது. மறு ஆண்டில் யோனதன் வைல்டின் கதையை எழுதி, கள்வர் தலைவனைப் ‘பெரிய மனிதன்’ என்று பக்கந்தோறும் போற்றினார். ‘பெரிய மனிதர்’ என்பது வால்போலுக்கு மக்கள் இட்ட பெயர். 1749இல் ‘டொம் ஜோன்ஸ்’ வந்தது. மந்திரியை நகைத்தவர் பின்னர் லண்டனின் நீதவானாகிக் கையூட்டை வெறுத்து நீதி வழங்கினார் என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது.

ஆதலின் நகையே வென்றதெனக் கூறி அமைந்துவிடலாமா? அமைதல் தகாது. பீல்டிங் பிழைத்தார், மேடை பிழைக்கவில்லை. வால்போல் மறைந்த பின்னும் அவர் இயற்றிய தணிக்கை மறையவில்லை. 1843இல் திருத்தம் பெற்று, 1968 செப்டெம்பர் 26ஆம் நாள் வரை, 231 ஆண்டுகள் அது நிலைத்தது. பேர்னாட் ஷா 1909இல் தம் நாடகமொன்றை லண்டனில் நடத்த இயலாது, சேம்பர்லின் பிரபுவின் அதிகாரம் செல்லாத டப்ளினிலே நடத்தவேண்டியதாயிற்று. எழுதுமுன்பே அஞ்சிக் கைவிடப்பட்ட நாடகங்களை எவரே எண்ணிக் கூறவல்லார்?

அந்த அச்சம் கடலும் கடந்தது. 1876இல் வேல்ஸ் இளவரசரைத் தம் வீட்டு அந்தப்புரம்வரை அழைத்துச் சென்று உபசரித்த வழக்கறிஞர் ஒருவரைக் கல்கத்தா நடிகர்கள் மேடையில் நகையாடினர். உடனே அவசரச் சட்டமும், அவ்வாண்டிலேயே நாடக நிகழ்ச்சிச் சட்டமும் இந்தியாவில் பிறந்தன. இலங்கையிலும் 1912இல் பொது மேடைக் காட்சிகளுக்கான கட்டளைச்சட்டம் ஆக்கப்பட்டது.

ஆட்சியாளர் ஒரு மேடையை மூடலாம். மக்கள் நகைப்பதை நிறுத்த இயலாது. ஆனால் மேடையை மூடுவதற்கு ஒரு மாதம் போதும். மீளத் திறப்பதற்குத் தலைமுறைகள் தேவைப்படும். ஒருவர் தம்மைச் சுட்ட சிரிப்பைப் பொறாது இயற்றிய சட்டம், அவரை அறியாத பேரன்மாரின் வாயையும் கட்டுகின்றது. வால்போலின் வரலாறு விட்டுச்சென்ற பாடம் இதுவே.