இசைவோடு நடந்த திருட்டு: ஆங்கிலச் சட்டத்தில் ‘ஸ்டீல்’ என்னும் வினை

திருடுவதைக் குறிக்கும் ஆங்கில வினையான ‘ஸ்டீல்’ இரண்டு பொருள்களைச் சுமந்து நிற்கிறது. ஒன்று, பிறர் உடைமையை எடுத்தல்; மற்றொன்று, ஓசைப்படாமல் செய்தல். அதே வேரில் பிறந்த ‘ஸ்டெல்த்’ ஒரு காலத்தில் திருட்டையே குறித்தது. இன்று மறைந்து இயங்குவதை மட்டும் சொல்கிறது. எடுப்பதற்கு ஒன்றுமே இல்லாத இடத்திலும் இவ்வினை வரும். கூட்டத்திலிருந்து நழுவுபவருக்கும் அதுதான், ஓரக்கண்ணால் பார்ப்பவருக்கும் அதுதான். பேஸ்பால் ஆட்டத்தில், பந்து அடிக்கப்படும்வரை காத்திராமல் அடுத்த தளத்துக்கு ஓடிச் சேர்பவர் அத்தளத்தைத் ‘திருடியவர்’. அது விதிக்கு உட்பட்டது, கைதட்டலும் கிடைக்கும்.

இங்கிலாந்துச் சட்டம் இவ்விரு பொருள்களையும் விட்டு விலகிவிட்டது என்பதே என் வாதம். 1916-ஆம் ஆண்டுச் சட்டம் உடையவரின் இசைவின்றி எடுத்துச் செல்வதையே திருட்டு என்றது. 1968-ஆம் ஆண்டின் திருட்டுச் சட்டமோ, பிறர் சொத்தை நிரந்தரமாகப் பறிக்கும் எண்ணத்துடன் நேர்மையின்றித் தனதாக்கிக்கொள்வது என்று வரையறுத்தது. ‘இசைவின்றி’ என்ற சொல் அதில் இல்லை. அந்த ஒரு சொல் விடுபட்டதன் விளைவு பெரிது.

2000-இல், அன்று இறுதி மேல்முறையீட்டு நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் அவைக்கு வந்த வழக்கைப் பாருங்கள். அறிவுத்திறன் குறைந்த ஒருவர் தமக்குப் பழக்கமான பெண்ணுக்கு நாள்தோறும் 300 பவுண்டுவரை எடுத்துக் கொடுத்தார். மொத்தம் ஏறத்தாழ 60,000 பவுண்டு. உரிமையியல் சட்டப்படி செல்லத்தக்க கொடையாக இருந்தாலும் அதைப் பெற்றது திருட்டாகலாம் என்று நீதிபதிகள் ஐவரில் மூவர் தீர்ப்பளித்தனர். கொடை செல்லுமென்றால் பணம் பெற்றவருடையது. தன் பணத்தைத் தானே எப்படித் திருடுவது? மாறுபட்டு எழுதிய ஹாப்ஹவுஸ் பிரபுவின் வாதம் இந்த வழியில்தான் சென்றது. எனக்கு அதற்கு மறுப்பு தெரியவில்லை. ஏய்த்தவர் தப்பக்கூடாது என்ற பெரும்பான்மையினரின் கவலை நியாயமானது. அதற்கு இந்த வினையை வளைத்திருக்க வேண்டியதில்லை.

மெக்காலே வரைந்த வழியில் வந்த 1860-ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் இந்தச் சிக்கலில் மாட்டவில்லை. அதன் 378-ஆம் பிரிவு இசைவின்மையையும் பொருளை நகர்த்துவதையும் கேட்டது; 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 303-ஆம் பிரிவும் அவற்றையே கேட்கிறது. மனமறிந்து கொடுத்ததை வாங்கியவர் இங்கே வேறு குற்றத்துக்கு ஆளாகலாம், திருடராக மாட்டார்.

இங்கிலாந்தில் சொல்லுக்கும் சட்டத்துக்குமான இடைவெளி எதிர்த்திசையிலும் உண்டு. லிவர்பூல் பல்கலைக்கழகப் பொறியியல் மாணவர் ஒருவர் தேர்வுக்கு முன்பே வினாத்தாளின் அச்சுப்படியைப் பார்த்துவிட்டார். தாளை வைத்துக்கொள்ளும் எண்ணம் அவருக்கு இல்லை. வினாத்தாளைத் திருடிவிட்டான் என்றுதான் ஊர் சொல்லும். தகவல் சொத்தாகாது, ஆகவே திருட்டும் இல்லை என்று 1970-களின் இறுதியில் நீதிமன்றம் அவரை விடுவித்தது.