பாராமகால் வாசல்: திப்பு சுல்தானின் வீழ்ச்சியில் கிருஷ்ணகிரி – ஓசூர் எல்லை (1789–1799)

கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் மேட்டுக்குச் சரக்கேற்றிச் செல்லும் லாரிகள், ஒரு காலத்தில் இரண்டு அரசுகளைப் பிரித்த எல்லையைக் கடந்துதான் போகின்றன. 1792 முதல் 1799 வரை கீழே கிருஷ்ணகிரியைச் சூழ்ந்த பாராமகால் ஆங்கிலக் கும்பினிக்கு உரியது; மேலே ஓசூர் மைசூருக்கு உரியது. அந்த எல்லை பிறந்த விதமும் மறைந்த விதமுமே மைசூரை ஆண்ட திப்பு சுல்தானின் வீழ்ச்சியை விளக்கும் நல்ல சான்று. அளவு மீறிய ஆசை அவரது நாட்டில் பாதியைப் பறித்தது. அயலார் வாக்கை நம்பியது மீதியையும் பறித்தது என்பதே இக்கட்டுரையின் முடிபு.

ஆசையின் விலை

திப்பு 1786இல் பாதுஷா என்னும் பட்டம் சூடினார். துருக்கிக்கும் பிரான்சுக்கும் தூதர்களை அனுப்பினார். 1789 டிசம்பர் இறுதியில் திருவிதாங்கூரின் நெடுங்கோட்டையைத் தாக்கியபோது கணக்குத் தவறியது. திருவிதாங்கூர் ஆங்கிலேயரின் நட்பு நாடு. மராத்தியரும் நிஜாமும் அவர்களோடு சேர, மூன்று படைகளை ஒரே நேரத்தில் எதிர்கொள்ள வேண்டியதாயிற்று.

1791 ஜூலையில் ஆங்கிலேய மேஜர் கௌடியின் படை ஓசூரையும் ராயக்கோட்டையையும் பிடித்தது. அதே ஆண்டு நவம்பரில் ஆங்கிலத் தளபதி மாக்ஸ்வெல் கிருஷ்ணகிரி மலைக்கோட்டையைத் தாக்கித் தோற்றுத் திரும்பினார். ஆனால் ஆயுதத்துக்கு மசியாத அந்தக் கோட்டை 1792 மார்ச்சில் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் கைமாறியது. நாட்டில் பாதியும், 3 கோடியே 30 லட்சம் ரூபாயும், பிணையாக இரு மகன்களும் போயினர். ஓசூர் மைசூரிடமே திரும்பியது. மைசூருக்கு ஏறும் கணவாய்க்குக் காவலான ராயக்கோட்டை கும்பினியிடம் சென்றது.

அயலார் வாக்கு

1797இல் ரிப்போ என்ற பிரெஞ்சுக் கப்பல்காரர் பழுதடைந்த கப்பலோடு மங்களூரில் கரையேறினார். மொரீஷியஸில் பெரும்படை காத்திருப்பதாகச் சொன்னார். இழந்ததை மீட்கத் துடித்த மனம் அதை நம்பியது. திப்பு மொரீஷியஸுக்கு இரகசியத் தூது அனுப்பினார். அங்கே படை இல்லை. ஆளுநர் மலார்டிக் 1798 ஜனவரியில், திப்புவுக்காகப் போரிடத் தன்னார்வலர் தேவை என்று பகிரங்கமாக அறிவித்தார். மங்களூர் வந்து இறங்கியவர்கள் ஏறத்தாழ 100 பேர். அறிவிப்பு மட்டும் கல்கத்தாவை எட்டியது. போருக்குக் காரணம் தேடிய கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லிக்கு அதுவே போதுமானதாயிற்று. 1798 ஆகஸ்டில் நெல்சன் நைல் முகத்துவாரத்தில் பிரெஞ்சுக் கப்பற்படையை அழித்ததும், எகிப்திலிருந்து நெப்போலியன் வருவார் என்ற நம்பிக்கையும் மங்கியது.

திறந்த வாசல்

1799 மார்ச்சில் ஜெனரல் ஹாரிஸின் படை ராயக்கோட்டை அடிவாரத்தில் கூடாரமடித்து, அங்கிருந்தே மைசூர் எல்லைக்குள் நுழைந்தது. ஏழு ஆண்டுகளாகப் பாராமகாலின் வரிக் கணக்கைப் பார்த்துவந்த கலெக்டர் அலெக்சாண்டர் ரீடு, இப்போது படைக்குத் தானியம் திரட்டும் பொறுப்பை ஏற்றார். 1792இல் இழந்த மண்ணே 1799இல் பகைவனுக்குப் பாதையும் களஞ்சியமும் ஆயிற்று. மே 4ஆம் நாள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு போரிட்டபடியே மடிந்தார். ஓசூரும் கும்பினி வசமானது, எல்லைக்கோடு அழிந்தது.

முடிவுரை

வெல்லெஸ்லியின் நாடு பிடிக்கும் வேட்கையை மறைத்து திப்புவின் மேல் மட்டும் பழி போடுவது நேர்மையாகாது. ரிப்போ வராவிட்டாலும் வேறொரு காரணம் கிடைத்திருக்கும். எனினும் அந்தக் காரணத்தைத் தம் கையாலேயே எடுத்துக் கொடுத்ததுதான் அவரது அவலம். பட்டுத் தொழிலை வளர்த்தவர், ஏவுகணைப் படையைப் பெருக்கியவர், களத்தில் அஞ்சாதவர். அத்தனை ஆற்றலும் இருந்தும், கையிலிருந்த நாட்டைவிடக் கடலுக்கப்பாலிருந்து வந்த சொல்லையே பெரிதாக எண்ணினார். ராயக்கோட்டை மலையேறி ஓசூர்ப் பக்கம் பார்ப்பவருக்கு, அந்தச் சொல் எவ்வளவு தொலைவிலிருந்து வந்தது என்பதும் பகை எவ்வளவு அருகில் நின்றது என்பதும் புரியும்.